ஒரு பேண்ட்கூடக் கிழியவில்லை

லிஃப்ட் சரியாகிவிட்டது. வீடுதான் இன்னும் சரியாகவில்லை.

போன வாரம் லிஃப்ட் நின்றுபோனதால் நான்காவது மாடிக்குப் படியேறி வந்த வண்டு, அந்த வீட்டுப் பெண், வாசலிலேயே உட்கார்ந்து பேச முடியாமல் மூச்சு வாங்கினாள். அம்மாவும் அப்பாவும் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்ல. உங்க பொண்ணுக்கு ஓடறது மறந்து போச்சு. அதுதான் வியாதி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வார்த்தையைத்தான் அம்மா ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வண்டுவுக்குப் பதின்மூன்று வயது. சின்ன வயதில் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். 'சில்வண்டு' என்று அப்பா கூப்பிட ஆரம்பித்து, அது வீடு, தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் பரவி 'வண்டு' ஆகிவிட்டது. இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோபா, சோபாவில் போன், போனுக்குப் பின்னால் வண்டு. அவளை அங்கிருந்து எழுப்ப வேண்டுமானால் சோபாவைத்தான் சாய்க்க வேண்டும்.

அம்மா முதலில் போன் மீது பழி போட்டாள். போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாள். வண்டு சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். பிறகு பழி லிஃப்ட் மேல் விழுந்தது, சோபா மேல் விழுந்தது, தின்கிற பிஸ்கட் மேல் விழுந்தது. கடைசியில் சுற்றிச் சுற்றி வண்டுவின் தலையிலேயே வந்து இறங்கியது.

"இன்னிக்கு கேம்ஸ் பீரியட் இருக்குல்ல?" என்று காலையிலேயே ஆரம்பித்தாள் அம்மா. "இன்னிக்காவது ஓடுவியா, இல்ல வழக்கம்போல சுவத்துக்கு முட்டுக் குடுத்துட்டு வருவியா?"

"ம்."

"ம்னா எது? ஓட்டமா, சுவரா?"

வண்டு குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா தோளில் கருவிப் பையை மாட்டிக்கொண்டே வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல ஒருத்தரும் படியேறக் கூடாதுன்னு நான் உழைச்சுக்கிட்டு இருக்கேன். என் பொண்ண மட்டும் படியேறுன்னு எந்த வாயால சொல்றது?" என்றார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. டாக்டர் சொன்னப்போ உங்க முகத்துல ஈயாடல. இப்போ ஜோக்கு."

அப்பாவின் அக்கா, வண்டுவுக்கு அத்தை, சாப்பாட்டு மேசையிலிருந்து குரல் கொடுத்தாள். "அவள விடும்மா. பெரிய பொண்ணாயிட்டா. இன்னும் என்ன ஓட்டமும் ஆட்டமும்? விழுந்து கையக் கால ஒடச்சிக்கிட்டா யாரு பாக்கறது?"

"அண்ணி, டாக்டர் ஓடச் சொல்றாங்க. நீங்க உக்காரச் சொல்றீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

"நான் என்னமோ வாயில வந்ததச் சொன்னேன்" என்று அத்தை தன் தட்டுக்குத் திரும்பிக்கொண்டாள். அத்தையின் வாயில் இது தினமும் வரும்.

அம்மா முன்னறைக்குப் போனாள். அந்த வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. இரண்டு மிஷின், ஒரு பெரிய மேசை, ஆளுயரக் கண்ணாடி. தெருவில் அவளை 'டைலரம்மா' என்பார்கள். போன வருஷம் அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. வண்டு படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே விளையாட்டு உடை தைக்கிற வேலை. பையன்களுக்கு நீல அரைக்கால் சட்டை, அது வேறொரு கடைக்குப் போயிற்று. பெண்களுக்கு வெள்ளைப் பேண்ட், அது இவளுக்கு வந்தது. இந்த வருஷத்துக்கான துணியும் வந்து இறங்கிவிட்டது. மாதிரிக்கு ஒரு பேண்ட் தைத்து, மேனேஜரிடம் காட்டிச் சம்மதம் வாங்க இன்றைக்குப் போகிறாள்.

அந்த மாதிரியை இஸ்திரி போட்டு மடிக்கும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"ஏங்க, ஒரு வருஷமாச்சு. அந்த ஸ்கூல்ல இருந்து ஒரு பேண்ட், ஒரே ஒரு பேண்ட், ரிப்பேருக்கு வந்திருக்கா? முட்டி கிழிஞ்சுதுன்னு வந்திருக்கா, தையல் விட்டுதுன்னு வந்திருக்கா? என் தையல் அப்படி."

வாசலில் நின்றிருந்த வண்டு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு கொக்கியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"இந்த வெயில்ல ஸ்வெட்டர் எதுக்குடி?"

"என் எடம் ஃபேனுக்குக் கீழ."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் மேனேஜர் அறைக்குப் போகும் தாழ்வாரம் மைதானத்தை ஒட்டியே போகிறது. அம்மா போன நேரம் வண்டுவின் வகுப்புக்கு விளையாட்டு நேரம். மைதானம் முழுக்கப் பையன்கள். ஒரே ஒரு பந்து, அதற்குப் பின்னால் அத்தனை பேரும். பெண்கள் எங்கே என்று தேடினாள். தூரத்துச் சுவரோரம், ஒரு முழ அகலத்துக்கு விழுந்திருந்த நிழலில், வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டுவும் இருந்தாள். வெயில் கொளுத்துகிறது, ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு ஸ்வெட்டர் கட்டியிருந்தது.

அம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. இது ஒரு வண்டு இல்லை, ஒரு வண்டுக் கூட்டமே இப்படித்தான் இருக்கிறது என்று நினைத்தாள். பொட்டலத்தோடு விறுவிறுவென்று அந்தப் பக்கம் நடந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்ட வண்டு எழுந்து நின்றாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஏம்மா, உங்க எல்லாருக்கும் கால் இருக்குல்ல? எழுந்து நாலு ஓட்டம் ஓடினா என்ன?"

"வண்டுவோட அம்மாடி" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் பயப்படவில்லை.

"கால் இருக்கு ஆன்ட்டி. பேண்ட்தான் இல்ல."

"போட்டிருக்கியே, அது என்ன?"

"இது நிக்கறதுக்கு ஆன்ட்டி. ஓடறதுக்கு இல்ல. குனிஞ்சா பின்னாடி இழுக்குது. கால அகட்டினா எங்க கிழியுமோன்னு பயமா இருக்கு. வேர்த்தா ஒட்டிக்குது. அதுலயும் வெள்ளை. மாசத்துல அந்த நாள்னா கேக்கவே வேணாம். எங்க கிளாஸ்ல ஒருத்திக்குக் கறையாகி பசங்க சிரிச்சிட்டானுங்க. அன்னியிலிருந்து கேம்ஸ் இருக்கற நாள்ல அவ ஸ்கூலுக்கே வர்றதில்ல." கண்ணாடிக்காரி இடுப்பு ஸ்வெட்டரை இறுக்கிக்கொண்டாள். "இதத் தெச்ச மகராசிய ஒரு நாள் இதப் போட்டுட்டு ஓடச் சொல்லணும் ஆன்ட்டி. அப்பத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். வண்டு சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த பொட்டலத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அதற்குள் விளையாட்டு மிஸ் வந்துவிட்டார். கழுத்தில் விசில், முகமெல்லாம் வெயில்.

"வண்டு அம்மாவா நீங்க? நல்ல வேளை வந்தீங்க. இவள எத்தன நாளா ரிலேவுக்குக் கூப்பிடறேன் தெரியுமா? சின்ன கிளாஸ்ல இவ ஓடினத நான் பாத்திருக்கேன். நாளைக்குக் காலைல டீம் எடுக்கறேன். மூணு பேரு இருக்காங்க, நாலாவது ஆள் இல்ல. கேட்டா தலையக் குனிஞ்சுக்கறா."

"வேற பேண்ட் போட்டுட்டு ஓடட்டுமே மிஸ்."

"யூனிஃபார்ம் இல்லாதவங்க கோட்டுக்கு வெளியதான் நிக்கணும். ரூலு. மேனேஜர்கிட்ட நானும் சொல்லிச் சொல்லி நொந்து நூலாயிட்டேன். பொண்ணுங்க சோம்பேறியாயிட்டாங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாரு. கேம்ஸ் பீரியட்ல பாதிய கணக்கு சார் எடுத்துக்கறாரு. மீதிய பசங்க எடுத்துக்கறாங்க. எங்களுக்கு மிஞ்சினது இந்தச் சுவரு."

அம்மா தாழ்வாரத்துப் பக்கம் திரும்பினாள். பேண்டைத் தைத்தது தான்தான் என்று அவளும் சொல்லவில்லை, வண்டுவும் சொல்லவில்லை.

மேனேஜர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மேசை, பெரிய நாற்காலி, நாற்காலி நிறைய மேனேஜர். பேண்டைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அருமை டைலரம்மா. போன வருஷ மாதிரியே இருக்கு. அதே வெள்ளை, அதே அளவு, அப்படியே போட்டுடுங்க. பாக்கெட் வேணாம். பாக்கெட் வெச்சா எதையாவது திணிப்பாங்க. விருந்தாளிங்க வர்ற அன்னிக்கு வரிசையா நின்னா பளிச்சுன்னு இருக்கணும்."

"சார், கலரு..."

"கலரெல்லாம் வேணாம்மா. வெள்ளைதான் ஒழுக்கம். இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. போன வருஷம் ஒரு பேண்ட்கூடக் கிழியல. ஒரு பொண்ணு பேண்ட்லயும் மண்ணு இல்ல. கமிட்டியில நான் பெருமையாச் சொன்னேன்."

அம்மாவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. முட்டி ஏன் கிழியவில்லை? யாரும் விழவில்லை. யாரும் ஏன் விழவில்லை? யாரும் ஓடவில்லை. ஒரு வருஷமாகத் தன் தையலின் பெருமை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்த கதை.

சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரை வந்தது. மேனேஜர் மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் உள்ளே வந்தாயிற்று.

"சரிங்க சார்" என்றாள் அம்மா. தலையையும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தாள், எடுத்தாள், மறுபடி கோத்தாள். கை ஓடவில்லை. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. மேனேஜர் மேல் வந்தது, கண்ணாடிக்காரி மேல்கூட வந்தது. ஆனால் எங்கே போனாலும் கடைசியில் அந்தத் 'தலையாட்டல்' வந்து முன்னால் நின்றது. வீட்டில் வாய் கிழியப் பேசுகிறவள், அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னாச்சு, ஆர்டர் இல்லன்னுட்டானா?" என்றாள் அத்தை.

"ஆர்டர் குடுத்துட்டாரு அண்ணி. அதான் பிரச்சினை."

அத்தைக்கு விளங்கவில்லை. விளங்காதபோது அத்தை டிவி போட்டுவிடுவாள். போட்டாள்.

டியூஷன் முடிந்து வண்டு வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. பையை இறக்கினாள், ஸ்வெட்டரைக் கொக்கியில் மாட்டினாள், சோபாவுக்குப் போனாள்.

"இங்க வா" என்றாள் அம்மா முன்னறையிலிருந்து. "ஏண்டி சொல்லல?"

"எத?"

"பேண்டப் பத்தி. ஒரு வருஷம். என்கிட்ட வந்து, அம்மா இது சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டே?"

வண்டு கண்ணாடியில் தெரிந்த அம்மாவைப் பார்த்துப் பேசினாள். "எப்படிச் சொல்றது? முதுகு வலிக்க வலிக்கத் தெச்சே. ஒண்ணுகூட ரிப்பேருக்கு வரலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டே. நல்லா இல்லன்னு நான் வந்து சொல்லணுமா? நீதான் தெச்சேன்னு ஸ்கூல்லயும் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா உன்னத் திட்டுவாங்க."

இதைக் கேட்டால் அழ வேண்டும். அம்மாவுக்கு அழுகையும் கோபமாகத்தான் வரும்.

"அதுக்காக? அதுக்காக ஒரு வருஷம் உக்காந்தே கெடப்பியா? நாலு மாடி ஏற முடியாம வாசல்ல விழுந்து கெடந்தியே, அப்பவும் வாயத் தொறக்க மாட்டியா? ஸ்கூல் விட்டா வேற எடமே இல்லயா ஓடறதுக்கு?"

"எங்க?" வண்டுவின் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டு வெகுநாளாயிற்று. "எங்க ஓடறது? நீயே சொல்லு. கீழ விளையாடற எடத்துல இப்போ வண்டி நிக்குது, அப்பாவோட வண்டியும்தான் நிக்குது. தெருவுல எறங்கினா அத்தை பால்கனியிலிருந்து கத்துவாங்க. வீட்ல குதிச்சா கீழ் வீட்ல இருந்து வருவாங்க. ஸ்கூல் விட்டதும் டியூஷன், நீதான் சேத்தே. டியூஷன் விட்டா இருட்டிடுச்சு, வெளிய நிக்காதேன்ற. உள்ள வந்து போன் பாத்தா போன்னு திட்டற. எல்லாக் கதவையும் நீங்களே சாத்திட்டு, ஏன் வெளிய போகலன்னு என்னயே கேக்கறீங்க."

அடுத்த அறையில் டிவி சத்தம் குறைந்தது.

அம்மா மறுத்துச் சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

"உனக்கு ஓடணும்னு இருக்கா, இல்லயா? அத மட்டும் சொல்லு."

"இருக்கு. நாளைக்கு அந்த நாலாவது ஆள் நானா இருக்கணும்னு இருக்கு. ஆனா அதப் போட்டுட்டு மாட்டேன்."

அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள்.

"வா. நேரா நில்லு."

பழக்கம். இந்த மேசைக்கு முன்னால் வருகிற எல்லோரிடமும் அவள் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கப் போனபோதும், வகுப்பு வகுப்பாக அதையே சொன்னாள். அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்கள். அந்த நின்ற அளவில்தான் எல்லாப் பேண்டும் தைத்தாள்.

நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"இல்ல. நேரா நிக்காதே. குனி."

வண்டு குனிந்தாள். அம்மா இடுப்பிலிருந்து அளந்தாள். ஒரு தரம் பார்த்தாள், நம்பாமல் மறுபடி பார்த்தாள். நின்ற அளவுக்கும் இதற்கும் நாலு விரல் வித்தியாசம்.

"உக்காரு. ஒரு கால மட்டும் மடக்கு. ஆங், அப்படியே. இப்போ இருக்கற எடத்துலயே ஓடு."

"கீழ் வீட்ல வருவாங்க."

"வரட்டும். நான் பேசிக்கறேன்."

வண்டு ஓடினாள். முதலில் கடனே என்று, பிறகு கொஞ்சம் வேகமாக. மேசையில் இருந்த கத்தரிக்கோல் குலுங்கியது. சீக்கிரமே மூச்சு வாங்கியது, நின்றாள், திரும்ப ஓடினாள். அம்மா தரையில் மண்டியிட்டு நாடாவோடு அவள் முட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார்.

"என்னது, வெளிய லிஃப்ட் வரைக்கும் அதிருது?"

"அளவெடுக்கறேன்" என்றாள் அம்மா.

அப்பா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பையை இறக்கிவிட்டு, "நின்னுட்டிருக்கற லிஃப்டப் பாத்து யாரு கயிறு போடுவா? அது கெளம்பறப்போ என்ன இழுவை இழுக்கும்னு பாத்துத்தான் போடுவோம்" என்றார்.

"இத போன வருஷம் சொல்லியிருக்கலாமே."

"லிஃப்டுக்கும் பேண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மிச்சத் துணியில் அடர்ந்த நீலம் ஒன்று கிடந்தது, கொஞ்சம் கனமாக, இழுத்தால் கொடுக்கிற துணி. அம்மா வெட்டினாள், தைத்தாள். இரண்டு பக்கமும் ஆழமாகப் பாக்கெட் வைத்தாள். வண்டு போட்டுப் பார்த்தாள். குனிந்தாள், உட்கார்ந்தாள், கால் அகட்டினாள். கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள். பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு சற்று நேரம் சும்மா நின்றாள்.

பிறகு கழற்றி மடித்து மேசையில் வைத்தாள்.

"நல்லா இருக்கும்மா. ஆனா வெள்ளை இல்ல. கோட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்க."

"தெரியும்" என்றாள் அம்மா. எழுந்து போய் பள்ளிக்கூடத்து வெள்ளைத் துணி மூட்டையைப் பிரித்தாள். மேசை மேல் விரித்து, ஒரு பேப்பரும் பார்க்காமல், சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தாள். கோடு போய்க்கொண்டே இருந்தது. மேசையின் ஓரத்தைத் தொட்டது.

"யாருக்கும்மா இது?" என்றாள் வண்டு. "இவ்ளோ பெருசா யாரு இருக்கா எங்க ஸ்கூல்ல?"

"உங்க மேனேஜரு."

டிவி முழுசாக நின்றுவிட்டது. அத்தை வாசற்கால் பக்கம் வந்து நின்றாள்.

"அளவு?" என்றார் அப்பா.

"கண்ணாலயே எடுத்துட்டேன். இடுப்பு நாப்பத்திரண்டு. அதே வெள்ளை, அதே வெட்டு, பாக்கெட் இல்ல. நின்ன அளவு. நாளைக்குக் காலைல மிஸ் டீம் எடுக்கறதுக்கு முன்னாடி அவரு கையில குடுக்கப் போறேன். போட்டுட்டு கிரவுண்ட ஒரு சுத்து ஓடிக் காட்டுங்க சார், அப்புறம் ஆர்டரப் பத்திப் பேசுவோம்னு சொல்லப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அத்தை. "ஆர்டரே போயிடும்."

"போனா போகட்டும் அண்ணி. எனக்கும் தெச்சுப்பேன், நானும் ஓடறேன். தெச்சவளும் ஓடட்டும், கேட்டவரும் ஓடட்டும்."

அப்பா மனைவியின் முகத்தைப் பார்த்தார். இது ஜோக் அடிக்கிற நேரம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோல் இறங்கியது.

வண்டு மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. பையைத் திறந்து நாளைக்கான புத்தகங்களை அடுக்கினாள். நீலப் பேண்டை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு கொக்கியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, அதையும் மடித்து அதன் மேல் வைத்தாள்.

"அதான் நீலம் இருக்கே. ஸ்வெட்டர் எதுக்கு?" என்றாள் அம்மா.

"இன்னிக்கு மேனேஜர்கிட்ட என்ன சொன்னே?"

அம்மாவின் கால் மிஷின் பெடலில் நின்றது. "சரிங்க சார்னு சொன்னேன்."

"அதான்மா. நாளைக்கும் அப்படியே சொல்லிட்டு வந்துட்டா, எனக்கு இது வேணும்."

குத்திக் காட்டவில்லை, சண்டையும் போடவில்லை. வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொள்கிறவள்போல் சாதாரணமாகத்தான் சொன்னாள். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அம்மாவுக்குத் திட்டவும் வரவில்லை, சத்தியம் பண்ணவும் வாய் வரவில்லை. அந்தப் பெரிய வெள்ளைப் பேண்டின் கடைசித் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்து, பையை வாசல் பக்கம், வண்டுவின் புத்தகப் பைக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.